பிரபஞ்சமா, அண்டமா, பேரண்டமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன. ‘யூனிவர்ஸ்’ என்பதற்குத் தமிழில் எதைச் சொல்வது, எதை எழுதுவது, பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று பெற்றோர், மாணவர், மொழிபெயர்ப்பாளர் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த சொற்கள் இவை. அதனால் ஓரிரு இடங்களில் பதில் நீண்டுவிட்டது.

என் மகள் தொடக்கநிலை 5இல் படிக்கிறாள். கட்டுரையில் ‘பிரபஞ்சம்’ என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த என் மாமனார், “அது வடசொல். பேரண்டம் என்று மாற்று” என்கிறார். எது சரி?
– ஒரு தாயார், ஈசூன்

மகள் எழுதியதை மாற்ற வேண்டாம். மாமனார் சொல்லும் பேரண்டமும் நல்ல சொல்தான். ஆனால் அவர் சொல்லும் காரணம் நிற்காது. அண்டம் என்பதும் வடமொழியிலிருந்து வந்ததே. அங்கே அதற்கு முட்டை என்று பொருள். படைப்புக்கு முன் எல்லாம் ஒரு பொன் முட்டைக்குள் அடங்கிக் கிடந்தது, அது பிளந்து உலகம் வந்தது என்பது பழைய கதை. பிரமனின் முட்டைதான் பிரம்மாண்டம். இன்று ‘பிரம்மாண்டமான கடை’, ‘பிரம்மாண்டமான கல்யாணம்’ என்று சொல்லும்போது அந்த முட்டை யார் நினைவுக்கும் வருவதில்லை.

பிரபஞ்சம் என்ற சொல்லில் முட்டை இல்லை, விரிவு இருக்கிறது. விரிதல், பரவுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் அது. ‘பஞ்ச’ என்ற ஒலியைக் கேட்டவுடன் ஐம்பூதங்களால் ஆனது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும் வேர் விரிவுதான். ‘விரிவு’ என்றதும், அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்து பெயர் வைத்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். விண்மீன் திரள்கள் விலகிப் போகின்றன என்பதை வானியலாளர் எட்வின் ஹபிள் 1929இல் அளந்து காட்டினார். சொல்லின் வேர் வேறு, அளந்து கண்ட உண்மை வேறு. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு இருக்கிறது.

சரி, அண்டம் தமிழில் எவ்வளவு காலமாகப் புழங்குகிறது? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள திருவண்டப் பகுதி “அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்” என்று தொடங்குகிறது. அண்டங்களை உருண்டைகளாகக் காண்கிறார் அவர். அவை “நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன” என்கிறார். அடுத்து வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். “இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய”, அதாவது வீட்டுக்குள் நுழையும் வெயிலில் நெருங்கிப் பறக்கும் தூசு போல, அத்தனை அண்டங்களும் சிறியனவாகும்படி இறைவன் பெரியவன் என்கிறார்.

எங்கள் வீட்டுக் கூடத்தின் சன்னல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்குத் திரைச்சீலையின் இடுக்கு வழியாக ஒரே ஒரு கீற்று வெயில் தரையில் விழும். அந்தக் கீற்றுக்குள் மட்டும் தூசு மிதக்கும், சுழலும், மேலே ஏறும், சற்று நகர்ந்தால் காணாமல் போகும். மகளை ஒரு நாள் காலையில் அப்படி ஒரு கீற்றின் முன்னால் உட்காரவைத்து இந்த அடிகளைச் சொல்லிக் காட்டுங்கள். அண்டம் என்ற சொல் அப்புறம் மறக்காது. கட்டுரையில் பிரபஞ்சம் அப்படியே இருக்கட்டும். தாத்தா தந்த பேரண்டமும் அவளுக்குக் கூடுதலாகக் கிடைத்த சொல்.

அண்டம், பேரண்டம், விண்மீன் திரள் மூன்றும் ஒன்றா? இணையத்தில் ஒரு கட்டுரையில் நமது பால்வீதியை ‘நம் அண்டம்’ என்கிறார்கள். இன்னொன்றில் அண்டம் என்றால் எல்லாமும் என்கிறார்கள்.
– உயர்நிலை 3 மாணவர், உட்லண்ட்ஸ்

குழப்பம் உங்களுடையது இல்லை. எழுதுகிறவர்களிடையே இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு சாரார் அண்டம் என்றால் முழுமையும் என்று கொள்கிறார்கள். இன்னொரு சாரார் பால்வீதி போன்ற ஒவ்வொன்றையும் ஓர் அண்டம் என்று அழைத்து, அவை எல்லாம் அடங்கியதைப் பேரண்டம் என்கிறார்கள். மாணிக்கவாசகரும் அண்டங்களைக் கோடிக்கணக்கில் எண்ணினார் என்பதால் இரண்டாவது வழக்கத்துக்கும் மரபு உண்டு.

வானியலாளர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்வரை, பால்வீதிதான் முழுப் பிரபஞ்சமும் என்று நினைத்தவர்கள் பலர். சுருள் வடிவில் தெரிந்த மங்கலான மேகங்கள் பால்வீதிக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே தனித் தீவுகளாக இருக்கின்றனவா என்று 1920இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கர்ட்டிசும் வாதிட்டார்கள். வெளியே இருந்தால் அவற்றைத் ‘தீவுப் பிரபஞ்சங்கள்’ என்றே சொன்னார்கள். அந்தச் சுருள் மேகங்களில் ஒன்றான ஆண்ட்ரோமீடாவில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டு தூரத்தைக் கணக்கிட்ட ஹபிளின் முடிவு 1925 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ரோமீடா பால்வீதிக்கு வெளியே வெகு தூரத்தில் இருந்தது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு (ஒளி ஓராண்டில் செல்லும் தூரம் ஓர் ஒளியாண்டு). அதன்பின் தான் ‘பிரபஞ்சம்’ என்ற பெயர் முழுமைக்கு மட்டும் உரியதாயிற்று.

நீங்கள் பள்ளிக்கு எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ரோமீடா, பால்வீதி போன்றவை விண்மீன் திரள்கள். எல்லாம் அடங்கியது பேரண்டம் அல்லது பிரபஞ்சம். ‘அண்டம்’ என்று தனியாக எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்கிவிடுங்கள். ‘விண்மீன் கூட்டம்’ என்று எழுதாதீர்கள், அதை ஓரியன் போன்ற வடிவங்களுக்குச் சொல்கிறோம். பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு, பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் திரளையும் பேரண்டத்தையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

‘உலக அழகி’, ‘பிரபஞ்ச அழகி’ இரண்டும் ஒரே போட்டியா?
– ஒரு வாசகி, தோ பாயோ

வேறு வேறு போட்டிகள். ‘மிஸ் வேர்ல்ட்’ உலக அழகி, ‘மிஸ் யூனிவர்ஸ்’ பிரபஞ்ச அழகி. 1994இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனார், சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி ஆனார். பிரபஞ்சம் என்ற சொல் பல வீடுகளின் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்தது அந்த ஆண்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உலகம் சின்னது, பிரபஞ்சம் பெரிது என்ற வேறுபாட்டைப் பாடநூலைவிட அழகாகப் பதியவைத்தது இது.

வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்யும்போது என் மகன் ‘பிரபஞ்சம்’ என்ற சொல்லில் தடுமாறுகிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தந்தை, செங்காங்

எழுத்து எழுத்தாக வாசிக்கவைக்காதீர்கள். பிர – பஞ்சம் என்று இரண்டாக உடையுங்கள். அடுத்து அவனுக்குத் தெரிந்த சொற்களோடு கோத்துவிடுங்கள். ‘லாபம்’ என்னும்போது ப மென்மையாக ஒலிக்கிறதே, அதே ப. ‘மஞ்சள்’, ‘இஞ்சி’ என்னும்போது ஞ்-க்குப் பின்வரும் ச எப்படி ஒலிக்கிறதோ, அதே ச. வடமொழியில் இந்த ப-வும் ச-வும் வல்லோசை. தமிழ் வாய்க்குள் வந்ததும், உயிருக்குப் பின்னும் மெல்லினத்துக்குப் பின்னும் அவை தாமாகவே இளகிவிட்டன.

என் வகுப்பில் ஒரு சிறுவன் இதை வாரக்கணக்கில் ‘பிரம்பஞ்சம்’ என்றே சொல்லிவந்தான். இஞ்சியும் மஞ்சளும் எழுதிய அட்டையை மேசையில் வைத்து, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. எழுதும்போது ‘ப்ரபஞ்சம்’ என்று புள்ளி வைத்துத் தொடங்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தமிழில் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ‘பிரபஞ்சத் தோற்றம்’ என்று எழுதினால் இடையில் த் வேண்டும்.

அண்டை வீடு, அண்டை நாடு என்கிறோமே, அதற்கும் அண்டத்துக்கும் தொடர்பு உண்டா?
– தொடக்கநிலை 6 மாணவி, பிடோக்

இல்லை. அண்டை என்பது ‘அண்டு’ என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது. அண்டு என்றால் நெருங்கு, பக்கத்தில் வா. ‘யாரையும் அண்டவிட மாட்டான்’ என்கிறோமே, அதே சொல். பக்கத்து வீடும் பேரண்டமும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன, அவ்வளவுதான். இதைக் கேட்கத் தோன்றிய உங்களுக்கு என் பாராட்டு.

காணொளிகளில் ‘பிரபஞ்சத்திடம் கேளுங்கள், அது தரும்’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். இது தமிழ் வழக்கா?
– ஓர் இளையர், அங் மோ கியோ

சொல் பழையது, வழக்கு புதியது. தமிழ்ச் சமய நூல்களில் பிரபஞ்சம் என்றால் பெரும்பாலும் நம்மைக் கட்டிப்போடும் உலக வாழ்க்கை. பிரபஞ்சப் பற்றை விடு, பிரபஞ்ச மயக்கத்திலிருந்து வெளியே வா என்றே அவை பேசும். பௌத்தத்தின் பாலி மொழியிலும் இதே சொல், மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எண்ணத்துக்கு மேல் எண்ணமாகப் பெருக்கிக்கொண்டே போவதைக் குறிக்கிறது. விட்டு விலக வேண்டியதாக இருந்த ஒன்று, இப்போது கேட்டால் கொடுக்கும் ஒன்றாக மாறியிருக்கிறது. ஆங்கிலப் பேச்சு வழக்கு நேராக இறங்கியதால் வந்த மாற்றம் இது.

நம் பேச்சில் அந்த இடத்துக்கு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ‘ஆண்டவன் படியளப்பான்’ என்பார்கள் பாட்டிமார். கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாதவர்களுக்கு ‘காலம் வழிவிடும்’ இருக்கிறது, ‘நல்லதே நடக்கும்’ இருக்கிறது. சோர்ந்து போயிருக்கும் நண்பர் ஒருவர் ‘பிரபஞ்சம் என்னைக் கைவிடாது’ என்று சொன்னால் நான் அவரைத் திருத்த மாட்டேன். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஆறுதல். ஆனால் எழுதும்போது, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்து எழுதுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பிரபஞ்சம், அண்டம் இரண்டும் வடசொற்கள் என்றால், பழந்தமிழர் இதை எப்படிச் சொன்னார்கள்?
– தொடக்கக் கல்லூரி மாணவி

உலகம் என்று சொன்னார்கள். தொல்காப்பியம் “நிலம்தீ நீர்வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்” என்கிறது. மயக்கம் என்றால் இங்கே கலப்பு. நிலமும் நெருப்பும் நீரும் காற்றும் வானும் கலந்து நிற்பது உலகம். இதைவிட விரிந்த பொருள் எதற்கு? அதே தொல்காப்பியம் முல்லை நிலத்தைக் “காடுறை உலகம்” என்றும் சொல்கிறது. அங்கே உலகம் என்பது ஒரு நிலப்பகுதி. ஒரே சொல் ஒரு காட்டுப் பகுதிக்கும் பொருந்தியது, ஐம்பூதமும் கலந்த முழுமைக்கும் பொருந்தியது.

உலகம் என்ற சொல்லே வடமொழி ‘லோகம்’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, ‘உலவு’ என்ற தமிழ் வேரிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு. அந்த வாதம் ஓயாது. ஆனால் ‘ஞாலம்’ இருக்கிறது. ஞாலுதல் என்றால் தொங்குதல். பிடிப்பில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பது ஞாலம். ‘விசும்பு’ இருக்கிறது. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் “வறிது நிலைஇய காயமும்” என்று ஓர் அடி வருகிறது. காயம் என்பது ஆகாயம், வறிது என்றால் வெறுமையாக. ஞாயிற்றின் பாதை, அதன் இயக்கம், அதைச் சூழ்ந்த வட்டம், காற்று வீசும் திசை, வெறுமையாக நிற்கும் ஆகாயம், இவற்றையெல்லாம் அங்கேயே போய் அளந்து வந்தவர்கள்போலச் சொல்லும் அறிஞர்களும் உண்டு என்கிறார் புலவர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அவர். ‘விண்வெளி’ என்று நாம் இன்று சொல்வதில் உள்ள அந்த ‘வெளி’யை அவர் ‘வறிது’ என்ற மூன்றே எழுத்தில் வைத்துவிட்டார். நூலகத்தில் உரையோடு கூடிய பதிப்பை எடுத்து இந்தப் பாட்டை முழுவதும் படியுங்கள்.

சமூக மன்றத்துக்குத் தொண்டூழியராக மொழிபெயர்க்கிறேன். ‘யூனிவர்சல்’ என்று வந்தாலே ‘பிரபஞ்ச’ என்று போடலாமா?
– ஒரு மொழிபெயர்ப்பாளர்

வேண்டவே வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் ஏற்றபடி கட்டுவதை ‘யூனிவர்சல் டிசைன்’ என்கிறார்கள். அதை ‘பிரபஞ்ச வடிவமைப்பு’ என்று அச்சிட்ட ஒரு துண்டறிக்கையை நான் கையில் வைத்திருக்கிறேன். படிக்கும் முதியவருக்கு அதில் என்ன விளங்கும்? ‘எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பு’ என்றால் முடிந்தது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘எல்லாருக்கும்’, ‘எல்லாவற்றுக்கும்’ என்பதுதான் உள்பொருள். தமிழில் அதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது: திருக்குறளை ‘உலகப் பொதுமறை’ என்கிறோம். ‘உலகப் பொது’ என்ற அந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள், உலகப் பொது விழுமியம் என்று எழுதலாம். மருத்துவக் காப்பு என்றால் ‘அனைவருக்குமான’ போதும். எல்லா நாட்டு மின்செருகிக்கும் பொருந்தும் கருவி என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். ‘யூனிவர்சிட்டி’ என்பதும் அதே லத்தீன் வேர்தான். தமிழ் அதைப் பிரபஞ்சத்தோடு கோக்காமல், பல கலைகள் பயிலும் இடம் என்று பார்த்துப் பல்கலைக்கழகம் ஆக்கிக்கொண்டது. நல்ல மொழிபெயர்ப்பு அப்படித்தான் பிறக்கிறது.

உலகம் என்றால் தமிழில் மனிதர்களும் கூடத்தான். “உலகத்தோடு அவ்வது உறைவது அறிவு” என்கிறது குறள். ‘ஊர் உலகம் என்ன சொல்லும்’ என்று வீட்டில் கேட்கிறோம். எழுத்துலகம், திரையுலகம் என்கிறோம். பல படங்களின் பாத்திரங்கள் ஒரே கதைக்குள் வந்து கலப்பதை இளையர்கள் ‘சினிமாட்டிக் யூனிவர்ஸ்’ என்கிறார்கள். அதற்கும் ‘கதையுலகம்’ பொருந்தும்.

மலாய், சீன நண்பர்களிடம் இந்தச் சொற்களைப் பற்றிப் பேசும்போது ஒற்றுமை தெரிகிறது. விளக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, ஜூரோங்

மகிழ்ச்சியோடு. மலாயில் பிரபஞ்சத்தை ‘ஆலாம் செமெஸ்தா’ என்பார்கள். ஆலாம் அரபியிலிருந்து வந்தது. செமெஸ்தா, வடமொழி ‘சமஸ்தம்’, அதாவது எல்லாம். நம் ‘அகிலம்’ கூட அப்படித்தான்: குறையில்லாத, முழுமையான என்பது அதன் பொருள். ‘விசுவம்’ என்றாலும் எல்லாம். லத்தீன் வேரிலும் முழுமை என்பதே பொருள். பிரபஞ்சத்தைப் பார்த்த பல மொழிக்காரர்களுக்கும் முதலில் வாயில் வந்தது ‘எல்லாம்’ என்ற ஒரு சொல்தான். மலாயின் ‘அங்காசா’ நம் ஆகாயத்தின் உடன்பிறப்பு, ‘பூமி’ அப்படியே பூமி, ‘புவானா’ நம் புவனம்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. பிற்பகல் ஒரு மணிக்குமேல் எங்கள் புளோக்கின் கீழே அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பிள்ளைகள் அட்டைக் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்சானா மரத்தடியில், இலைகளின் இடுக்கு வழியாகத் தரையில் விழும் வட்ட வட்ட ஒளிப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தன. நான்காம் மாடி மக்சிக் (மூத்த பெண்களை மலாயில் இப்படித்தான் அழைப்பார்கள்) அதைக் காலால் தொட்டுக் காட்டி, “கெர்ஹானா, கெர்ஹானா” என்றார். நான் “கிரகணம்” என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே சொல்! வடமொழி ‘கிரஹணம்’ மலாய்க்கு ஒரு வழியாகவும் தமிழுக்கு ஒரு வழியாகவும் வந்து, எங்கள் புளோக்கின் கீழே சந்தித்துக்கொண்டது.

சீனச் சொல் இன்னும் வியப்பானது. ‘யூ ஜோவ்’ என்பதில் இரண்டு எழுத்துகள். நான்கு திசையும் மேலும் கீழும் ‘யூ’, கடந்த காலமும் வரும் காலமும் ‘ஜோவ்’ என்பது பழைய சீன விளக்கம். இடமும் காலமும் சேர்ந்தால் பிரபஞ்சம்! இதை ஒரு சீன நண்பர் சொன்னபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது “ஞாலம் கருதினும் கைகூடும் காலம் கருதி இடத்தாற் செயின்” என்ற குறள். அது பிரபஞ்சத்தைப் பற்றிய குறள் அல்ல, செயல்திறனைப் பற்றியது. ஆனாலும் ஞாலம், காலம், இடம் மூன்றும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வகுப்பில் மூன்று மொழிப் பிள்ளைகளும் இருந்தால், பலகையில் மூன்று சொல்லையும் எழுதி அவரவர் சொல்லுக்கு அவரவரையே விளக்கச் சொல்லிப் பாருங்கள்.

பேரனுக்குப் பெயர் தேடுகிறோம். பிரபஞ்சத்தைக் குறிக்கும் பெயராக, பள்ளியில் கூப்பிட எளிதாக இருக்க வேண்டும்.
– ஒரு தாத்தா, புக்கிட் பாத்தோக்

அகிலன். மூன்று மொழிக்காரர் வாயிலும் சிதையாது, ஆங்கிலத்தில் எழுதினாலும் ஐந்தாறு எழுத்துதான். விசுவா என்பதும் நல்ல பெயர், ஆனால் அவன் வகுப்பில் இன்னொரு விசுவா இருக்கக்கூடும். பேத்தியாக இருந்திருந்தால் புவனா என்று சொல்லியிருப்பேன். மக்சிக்குக்கும் பழகிய பெயராக இருந்திருக்கும்.